ஐந்தாம் கியர் இல்லாத வான்

குருநகரில் இப்போது கனிசியஸ் என்று பெயரைச் சொன்னால் ஆட்கள் முதலில் எடுப்பது டீசல் கதையைத்தான். மச்சான் வாங்கிக் கொடுத்த வானில் டீசல் எடுத்து விற்றவன் என்பார்கள். அவன் எடுக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அவனுடைய தாயும் என் தாயும் ஒன்றுவிட்ட சகோதரிகள். எனக்குத் தம்பி முறை. தகப்பன், பாட்டன், தமையன்மார் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். கனிசியசுக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் கால் வைத்தால் வயிற்றைப் பிரட்டிச் சத்திதான். பதினேழு வயதில் மீன் லொறியில் கிளீனராக ஏறி, இருபதில் சாரதி ஆனான். "மீனை நீங்கள் பிடியுங்கோ, நான் ஊர் காட்டிக்கொண்டு வாறன்" என்று தமையன்மாருக்குச் சொல்லிச் சிரிப்பான்.

யுத்தத்தில் பெற்றோல் வராத காலத்தில் ஒரு பழைய காரை மண்ணெண்ணெயில் ஓட்டினான். கியரைப் பற்றி அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் படித்தான். தாயையும், கல்யாணமாகி இரண்டு வருடமான அற்புதராணியையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டான். றோட்டு முழுக்கச் சனம். முதலாம் கியரை விட்டு மாற்ற வழியில்லை, எஞ்சின் கத்திக்கொண்டே எண்ணெயைக் குடித்தது. சாவகச்சேரிக்குப் போய்த் திரும்பப் போதும் என்று ஊற்றிய எண்ணெய் நாவற்குழிப் பாலத்தோடு முடிந்துவிட்டது. தாயும் பெண்சாதியும் மழையில் நடக்க, அவன் காரைத் தள்ளிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எஞ்சின் கத்துவதைக் கேட்க அவனால் முடியாது. எந்த வாகனமென்றாலும் ஓடத் தொடங்கிய கையோடு கியரைக் கூட்டி, எஞ்சினை முணுமுணுக்க விட்டுவிடுவான். அவன் ஓட்டும்போது பின்னால் இருந்து நித்திரை கொள்ளலாம்.

அற்புதராணியின் தம்பி கிறிஸ்ரோபருக்குப் பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. அவன் ஆறு வருடத்துக்கு முன் காசு அனுப்பி ஒரு டீசல் வான் எடுப்பித்தான். அத்தான் ஓட்டட்டும், குடும்பத்துக்கும் உதவும் என்றான். நல்ல மனத்தோடுதான் செய்தான். அதை நான் மறைக்கவில்லை. காலையில் அச்சுவேலித் தொழிற்சாலைக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிப் போவதும் பின்னேரம் கொண்டுவந்து விடுவதும் கனிசியசின் வேலை. ஒவ்வொரு நாளும் மீற்றரையும் டீசல் அடித்த பில் துண்டையும் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்ப வேண்டும். அங்கே கிறிஸ்ரோபர் கணக்குப் பார்ப்பான். லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் ஓடியது. "அத்தான், உங்களைப் போல ஆர் ஓடுவான்!" என்று அவனே சொன்னது அற்புதராணியின் போனில் கனநாள் இருந்தது.

போன வருடம் மாசி மாதம் அந்த வானின் ஐந்தாம் கியர் பழுதாகியது. போட்டால் நில்லாது, லீவர் தானாகக் கழன்று நடுவில் வந்து விழும். கியர்ப் பெட்டியை இறக்கித்தான் செய்ய வேண்டும் என்று கராச்சில் சொன்னார்கள். கனிசியஸ் பாரிசுக்குப் போன் எடுத்துச் சொன்னான். நானும் அப்போது அவர்கள் வீட்டில் இருந்தேன்.

"அத்தான், அஞ்சாம் கியர் உங்களுக்கு என்னத்துக்கு? யாழ்ப்பாணத்திலை எங்கை ஓட்டப்போட்டி நடக்குது?" என்றான் கிறிஸ்ரோபர். "நாலிலை மெள்ள ஓடுங்கோ. டீசலும் மிச்சம்."

"இல்லைத் தம்பி, அது பறக்கிறதுக்கான கியரில்லை. நாலிலை விட்டா அதே ஓட்டத்துக்கு எஞ்சின் கூடச் சுத்த வேணும். கூடச் சுத்தினாக் கூடக் குடிக்கும்."

"உங்களிட்டை எல்லாத்துக்கும் ஒரு கதை இருக்கும்."

கிறிஸ்ரோபர் வாழ்நாளில் ஒரு வாகனம் ஓட்டியவன் இல்லை. அங்கே நிலத்துக்குக் கீழே ஓடும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவன். கியர் கூடினால் வேகம், வேகம் கூடினால் செலவு. அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துத்தான் கியரைச் செய்யாமல் விட்டான்.

அடுத்த மாதமே பதினொன்று ஒன்பதாகியது. கனிசியஸ் தன்னாலான மட்டும் பார்த்தான். காற்று அளந்து அடித்தான். பாரச் சாமான் ஏற்ற மாட்டேன் என்றான். நாற்பதுக்கு மேல் விடாமல் ஓட்டிப் பார்த்தான். பிள்ளைகள் வேலைக்குப் பிந்தி ஏச்சு வாங்கினார்கள். ஒன்பதரைக்கு மேல் ஏறவில்லை. சித்திரையில் பாரிசிலிருந்து கதை வேறு மாதிரி வந்தது.

"அத்தான், ஓட்டை டாங்கியிலையோ, வீட்டிலையோ?"

கனிசியஸ் போனைப் பெண்சாதியின் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். கால் கழுவினான். கழுவிய காலையே திரும்பவும் கழுவினான்.

ஆடி மாதம் யாகப்பர் திருநாளுக்குக் கிறிஸ்ரோபர் குடும்பத்தோடு வந்தான். திருநாள் அன்று மத்தியானம் அற்புதராணி வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. இருபது பேர் வரும். இறால் பொரியலும் கணவாய்க் கறியுமாகப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது கிறிஸ்ரோபர் தன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"மாசி வரைக்கும் பதினொண்டு. பங்குனியிலை இருந்து ஒன்பது. அதே வான், அதே றோட்டு, அதே அத்தான்! இஞ்சை படிச்ச ஆக்கள் இருக்கிறியள், விளங்கப்படுத்துங்கோவன்."

"கியரைச் செய்விச்சுத் தா எண்டு அண்டைக்கே சொன்னனான்," என்றான் கனிசியஸ்.

"கியர் டீசல் குடிக்குமோ அத்தான்? வாய் இருக்கிறதுதானே குடிக்கும்!"

சிரித்தார்கள். ஜெனிஸ், அற்புதராணியின் தமக்கையின் மகன், புரைக்கேறும்வரை சிரித்தான். கனிசியஸ் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. கறிச் சட்டியோடு நின்ற அற்புதராணியைப் பார்த்தான். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள். அந்தப் பாலத்தில் காருக்குப் பக்கத்தில் நடந்தவள். அவள் தம்பியின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு கணவாய் வைத்தாள். கனிசியஸ் கை கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து வான் திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

வானுக்கு வல்வெட்டித்துறையிலிருந்து சுபாஸ் என்று ஒரு புதுச் சாரதியைப் பிடித்தார்கள். கிறிஸ்ரோபரும் பாரிசுக்குத் திரும்பினான். ஒரு மாதம் கழித்து அவன் எடுத்த போனில் அற்புதராணி என் முன்னால்தான் கதைத்தாள்.

"அக்கா, புதுப் பொடியன் பதினொண்டு காட்டுறான். இனி நான் என்னத்தைச் சொல்ல? நீங்களே யோசியுங்கோ."

அதோடு தீர்ப்பாகிவிட்டது. கியரைச் செய்திருப்பார்கள் என்று கனிசியஸ் வீட்டில் சொன்னான். "நீங்களும் உங்கடை கியரும்" என்றாள் அவள். பிறகு ஒருநாள் உலை வைத்துக்கொண்டே, திரும்பிப் பாராமல் கேட்டாளாம்: "கொஞ்சமாவது எடுத்தனீங்களோ? எடுத்திருந்தாச் சொல்லுங்கோ, நான் ஆரிட்டையும் சொல்ல மாட்டன்." இதை அவனே எனக்குச் சொன்னான்.

கார்த்திகையில், அச்சுவேலியில் கலியாணம் முடித்திருந்த லூர்த்தம்மா மாமி காலமானா. செத்த வீட்டுக்கு அந்த வானில்தான் எல்லோரும் போனோம். கனிசியசும் வந்தான், மாமி அவனைத் தூக்கி வளர்த்தவ. சுபாசுக்குப் பின் சீற்றில் இருந்தான். கோப்பாய் தாண்டி றோட்டு வெளித்ததும் சுபாஸ் லீவரைத் தள்ளினான். எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. எனக்கே கேட்டது.

"தம்பி, அஞ்சு நிக்குதோ?" என்றான் கனிசியஸ்.

"ஓம் அண்ணை, நல்லா நிக்குது. நான் வந்த முதற்கிழமையே முதலாளியிட்டைச் சொல்லிச் செய்விச்சிட்டன். அஞ்சு இல்லாட்டி ஓட மாட்டன் எண்டு சொன்னனான். நாலிலை வைச்சு இழுத்தா டீசல் எல்லோ தண்ணி மாதிரிப் போகும்!"

அவனுக்கு ஒன்றும் தெரியாது, வெள்ளையாகச் சொன்னான். அவர்கள் இரண்டு பேரையும் தவிர வானுக்குள் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பது பேருக்கும் விளங்கியது. விளங்காதது போலவும் இருந்தோம். ஜெனிசின் வீட்டுக் கூரை கிறிஸ்ரோபரின் காசு. ஜெனிசின் தங்கச்சியின் கலியாணம் கிறிஸ்ரோபரின் காசு. மாதாமாதம் நான் போடும் குளிசையும் அவன் காசுதான். கியரைச் செய்யக் காசு கொடுத்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவனே வாய் திறக்காதபோது அவன் காசில் இருக்கும் நாங்கள் எப்படித் திறப்பது?

கனிசியஸ் திரும்பினான். "கேட்டியே அற்புதம்?"

அவள் கையில் செபமாலை. "செத்த வீட்டுக்குப் போறம். உந்தக் கதை இப்ப என்னத்துக்கு?"

"இந்த முறை மழை பிந்தித்தான்," என்றான் ஜெனிஸ்.

"ஓம், பிந்தித்தான்" என்றேன் நான்.

சவம் எடுத்து, அடக்கம் முடிந்து திரும்பும்போது கனிசியஸ் வானில் ஏறவில்லை. தான் பஸ்ஸில் வருவதாகச் சொன்னான். "உந்த வீம்பிலைதான் அழியிறியள்" என்றுவிட்டு அற்புதராணி ஏறினாள். என்னையும் ஒருமுறை பார்த்தான். நீயாவது வந்து என்னோடு நில் என்று கேட்கிற பார்வைதான் அது. எனக்குக் கால் நோகிறது என்று சொல்லிவிட்டு நானும் ஏறினேன். பஸ் நிற்கும் இடத்தை வான் கடந்தபோது அவன் வெயிலில் தனியே நின்றான். நான் ஜெனிசோடு மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தேன்.