மணிச்சத்தம் மட்டும் சுத்துன மத்தியானம்

டீச்சர், நீங்க யாழ்ப்பாணத்துல படிச்சவுங்க, இதக் கேட்டா சிரிப்பீங்கன்னு தெரியும். சிரிங்க, பரவால்ல, நானும் அப்பிடி இருந்தவதான். லயத்துல எவளுக்காவது பேய் புடிச்சிருச்சுன்னு உடுக்கு அடிச்சாங்கன்னா, கொழுந்து எடுக்க வளையாதவளுக்குத்தான் பேய் புடிக்கும்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன். அதுக்காகவே எங்கிட்ட பேச்சு வார்த்த இல்லாம இருந்தவுங்க உண்டு. ஆத்தோரமா இருட்டுல தனியா வெறகு தூக்கிட்டு வந்தவ நான், கங்காணிக்கே பயந்ததில்ல. ஆனா அந்த ஒரு மத்தியானத்த மட்டும் என்னன்னு சொல்றதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. நம்புறதும் நம்பாததும் ஒங்க இஷ்டம்.

இந்தா ஜன்னல் வழியா தெரியுதே தண்ணி, அதுக்கு அடியிலதான் எங்க மஸ்கெலியா கெடக்கு. அணை கட்டி டவுனயே முழுக வச்சுட்டு நம்மள மேட்டுக்கு ஏத்திட்டாங்க. ஒங்களுக்கு அது குளம், எனக்கு இன்னமும் அது கடவீதி. சம்பள ஞாயித்துக்கெழம வந்தா போதும், துணிக்கட வாசல்ல கிராமபோன் பாடும், கடல வறுக்குற வாசன கோயில் வரைக்கும் வரும், எல்லாத் தோட்டத்து சனமும் அங்கதான் நிக்கும். வளையல்காரன் கிட்ட ஒரு மணி நேரம் பேரம் பேசிட்டு ஒன்னும் வாங்காம வருவோம், அதுல ஒரு சந்தோசம். கோயிலுக்குப் பின்னால பெரிய புல்லுத்தர ஒன்னு இருந்துச்சு, ஓரத்துல மூங்கில் பத்தை, பக்கத்துல மழத்தண்ணி வடியுற ஒரு காண். அந்தத் தரையிலதான் எங்க வீட்டுக்காரரு சைக்கிள் சுத்துனாரு.

அது வெள்ளக்காரன் காலம், யுத்தமெல்லாம் வர்றதுக்கு முந்தி. தேயில வெல விழுந்து, தோட்டத்துல தெனம் வேலைக்கு ஆளு பிரிக்கிற பெரட்டுல பேரு வெட்டுறாங்க. வேல இல்லன்னு பத்துச்சீட்ட கையில குடுத்து, குடும்பத்தோட கப்பல் ஏத்தி இந்தியாவுல மண்டபம் கேம்புக்கு அனுப்பிருவாங்க. எங்களுக்கும் சீட்டு வந்துருச்சு. அவரு தோட்டத்து தப்பால் பை சுமக்குறவரு, நான் மூணு மாசம் முழுகாம இருக்கேன். நான் பொறந்தது இந்த மலையில, அங்க போயி யாரு வாசல்ல நிக்கிறது? அவருக்குன்னு ஊருல ஒரு பெரியப்பா இருந்தாரு, உசுரோட இருக்காரா இல்லியான்னே தெரியாது. அழுது அழுது எனக்கு கண்ணு வீங்கிப் போச்சு.

அப்பத்தான் டவுன்ல சைக்கிள் கட வச்சிருந்த பிள்ளை முதலாளி ஒரு பேச்சு சொன்னாரு. அதுக்குப் பல வருசத்துக்கு முந்தி சன்னாசின்னு ஒரு தோட்டத்து ஆளு, அட்டன் டவுன் சைக்கிள் கடக்காரர் குடுத்த சைக்கிள்ல, அதே தரையில கால் கீழ வைக்காம மூணு ராத்திரியும் நாலு பகலும் சுத்தியிருக்காரு. அதுக்கப்புறம் அந்த ரெக்கார்ட மிஞ்ச எவனாலயும் முடியல, ரெண்டாம் நாளே விழுந்துருவானுங்க. சன்னாசி அப்பவே செத்துப் போயிட்டாருன்னு மட்டும் எனக்குத் தெரியும். முதலாளிக்கு அட்டன் கடக்காரர் பேரு நிக்கிறது வயித்தெரிச்சல். என் கட சைக்கிள்ல அந்த ரெக்கார்ட ஒடச்சுரு, கடையில வேலையும் பின்னால ஒரு அறையும் தர்றேன், கப்பல் ஏற வேணாம்னு சொல்லிட்டாரு. எங்க வீட்டுக்காரரு சரிங்க முதலாளின்னு வந்துட்டாரு.

சுண்ணாம்புக் கோடு போட்டு, தகரக் கொட்டகையில பெஞ்சு போட்டு, போஸ்ட்மாஸ்டரும் இன்னும் ரெண்டு பெரியவங்களும் சாட்சி உக்காந்தாங்க. சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள்லயே. நாவிதர் மாரிமுத்து கூடவே ஓடிக்கிட்டு கன்னத்துல கத்தி வைப்பாரு, சனம் கை தட்டும். மத்ததுக்கு என்ன செஞ்சாருன்னு கேக்காதீங்க டீச்சர், ஒரு மூலையில சாக்கு கட்டி மறச்சிருந்தாங்க, அம்புட்டுத்தான் சொல்லுவேன். ஆம்பளைங்க மொளச்ச கடலையத் தூக்கிப் போட வாயில புடிப்பாரு. இளவட்டப் புள்ளைங்க வேற அவரு மீசையப் பத்தி என்னமோ சொல்லிச் சொல்லி சிரிக்குதுங்க, எனக்கு ஒரு பக்கம் கோவம், ஒரு பக்கம் பெரும. அந்த நாலு நாளு மாதிரி நான் சந்தோசமா இருந்ததும் இல்ல, பயந்ததும் இல்ல.

நாலாம் நாளு பொழுது சாயுற நேரத்துக்குத்தான் சன்னாசியோட கணக்கு தாண்டும். காலையிலயே இவருக்கு புத்தி தடுமாறிப் போச்சு, போஸ்ட்மாஸ்டரப் பாத்து அம்மா பசிக்குதுங்குறாரு. மத்தியானச் சோறு முடிஞ்சிருக்கும், மலையில இருந்து மூடுபனி எறங்குச்சு பாருங்க, எறங்குன எறக்கத்துல நீட்டுன என் கையே எனக்குத் தெரியல. மழத் தூத்தலும் சேந்துக்கிச்சு. சனமெல்லாம் கடைப்பக்கம் ஓடிருச்சு. இப்ப இவரு சுத்துறாரா நிக்கிறாரான்னு சாட்சிக்காரங்களுக்கு எப்பிடித் தெரியும்? அதுனால போஸ்ட்மாஸ்டர் சத்தம் போட்டு, ஒவ்வொரு சுத்துக்கும் கொட்டகைக்கு நேரா வரும்போது மணி அடிக்கணும், மணி நின்னுச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாரு.

நான் கொட்டகையத் தாண்டி இருக்குற வளைவுல, சுண்ணாம்புக் கோட்ட ஒட்டி கம்பளியப் போத்திக்கிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயோட நின்னேன். மணி கேக்கும், அப்புறம் செயின் கறகறன்னு கிட்ட வரும், நான் டம்ளர நீட்டுவேன். ஒரு கை வந்து வாங்குச்சு. அடுத்த சுத்துல வெறும் டம்ளர் திரும்பி வந்துச்சு. எனக்கு நிம்மதி, குடிச்சுட்டாரேன்னு. இன்னொரு சுத்து, அப்ப கம்மிப்போன ஒரு கொரலு கேட்டுச்சு. "எறங்கட்டா தங்கச்சி?"

நான் பதறிட்டேன். பேய்க்குப் பயந்து இல்ல டீச்சர், அந்த நெனப்பே அப்ப வரல. இந்த மனுசன் இப்ப எறங்கிட்டா நாங்க கப்பல் ஏறணுமே, அந்தப் பயம். அவரு என்னை எப்பவும் புள்ளன்னுதான் கூப்புடுவாரு. போஸ்ட்மாஸ்டர அம்மான்னவரு என்னைத் தங்கச்சின்னா என்ன ஆச்சரியம்னு நெனச்சுக்கிட்டேன். "எறங்காதீங்க, சுத்துங்க"ன்னு சொன்னேன். சைக்கிள் தாண்டிப் போயிருச்சு. மறுபடி மணி, மறுபடி செயின் சத்தம், மறுபடி அதே கேள்வி. இந்த தடவ கொரல்ல அழுக மாதிரி இருந்துச்சு. "எறங்கட்டா தங்கச்சி, கால் வலிக்குது." நான் கத்திட்டேன். "எறங்கவே கூடாது, செத்தாலும் சைக்கிள்லயே சாவுங்க"ன்னு வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அப்பிடிப் பேசலாமா, பேசிட்டேன். அதுக்கப்புறம் கேக்கல. மணி மட்டும் தவறாம சுத்திக்கிட்டே இருந்துச்சு.

பனி வெலகுனப்போ இவரு அந்தப் பக்கத்து ஓரத்துல ஆடி ஆடி வந்துக்கிட்டிருந்தாரு. இடுப்புல இருந்து முதுகு வரைக்கும் செஞ்சேறு, முழங்காலு தோல் உரிஞ்சிருக்கு. மழையில சேறு தெறிச்சிருக்கும்னு நெனச்சேன். பொழுது சாஞ்சு நேரம் தாண்டவும் தப்படிச்சாங்க, பட்டாசு வெடிச்சாங்க, முதலாளி அழுதே போயிட்டாரு. சொந்தபந்தத்துல ஒருத்தர் வந்து ஹேண்டிலப் புடிச்சு போதும்னு சொன்னாத்தான் எறங்கணும்னு மாரிமுத்து என்னைத் தள்ளிவிட்டாரு. நான் போயி புடிச்சு, போதுங்க எறங்குங்கன்னேன். அப்பிடியே எம்மேல சாஞ்சுட்டாரு.

சுடுதண்ணி ஊத்தி காலுக்கு எண்ண தேய்க்கும்போது அவரு சொல்றாரு, நான் விழுந்துட்டேன் புள்ளன்னு. எங்க விழுந்தீங்கன்னேன். பனி எறங்குன கொஞ்ச நேரத்துலயே மூங்கில் பத்த காணுக்குள்ள விழுந்துட்டாராம், சைக்கிள் மேல கெடக்க அப்பிடியே தூங்கிட்டாராம். இடையில கண்ணு முழிச்சப்போ யாரோ மணி அடிச்சுக்கிட்டு தலமாட்டுலயே சுத்துறாங்களாம், நம்ம எடத்துல வேற ஆள விட்டுட்டாங்க போலன்னு நெனச்சு மறுபடி தூங்கிட்டாராம். பனி வெலகுற நேரத்துலதான் ஏறி மிதிச்சிருக்காரு. அப்ப டீ குடிச்சது யாருன்னேன். எனக்கு யாரு டீ தந்தா, தொண்ட காஞ்சு கெடந்தேங்குறாரு.

அவரு நேர்மையான மனுசன். விடிஞ்சதும் சாட்சிக்காரங்க கிட்ட போயி, நான் விழுந்துட்டேங்க, ரெக்கார்டு எனக்கு வேணாம்னு சொல்லிட்டாரு. நானும் கூட நின்னேன், கப்பலுக்கு மூட்ட கட்ட வேண்டியதுதான்னு மனசத் தேத்திக்கிட்டு. அவுங்க சிரிக்கிறாங்க. மூணு பேரும் காத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம், ஒரு மணி கூட தவறல, தூக்கமில்லாம ஒனக்கு மண்ட கொழம்பிருச்சு, போயிப் படுன்னாங்க. நான் வாயத் தொறந்தேன், ஒம் பொண்டாட்டி ஒன்னைச் சுத்தச் சொல்லிக் கத்துனதே எங்களுக்குக் கேட்டுச்சேன்னு போஸ்ட்மாஸ்டர் சொல்லவும் மூடிக்கிட்டேன். வேலையும் அறையும் கெடச்சுது. அந்த அறையிலதான் எம் மூத்தவன் பொறந்தான்.

கொஞ்ச நாளு கழிச்சு மாரிமுத்து அண்ணன் கடைக்கு வந்தப்போ, சன்னாசிக்கும் நீங்கதானே சவரம் பண்ணீங்க, அவரு எப்பிடிச் செத்தாருன்னு சும்மா கேட்டேன். அப்பத்தான் அவரு சொன்னாரு. சன்னாசி ஒத்துக்கிட்டது மூணு பகலும் ரெண்டு ராத்திரியுந்தானாம். அவருக்கு ஒலகத்துல இருந்தது ஒரே ஒரு தங்கச்சி, மேமலைத் தோட்டத்துல. அவ வந்துதான் எறக்கணும்னு சொல்லியிருக்காரு. அவளுக்குத் துரை லீவு குடுக்கல. இவரு எறங்க மாட்டேன்னுட்டாரு, அவ வரட்டும் வரட்டும்னு இன்னும் ஒரு ராத்திரி, இன்னும் ஒரு பகலுன்னு சுத்தியிருக்காரு. கடைசியில ஓரத்துல நிக்கிற பொம்பளைங்களையெல்லாம் தங்கச்சின்னு கூப்புட்டாராம். பொழுது சாய விழுந்தவரு எந்திரிக்கலையாம். நாங்க ஒடச்ச ரெக்கார்டு அதுதான் டீச்சர், அவ வராம போனதுல வந்த ரெக்கார்டு. பனிக்குள்ள எங்காதுல விழுந்த அந்தக் கேள்விய மாரிமுத்து கிட்ட சொல்லல. யாரு கிட்டயும் சொல்லல, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும், அவரும் போயி சேந்துட்டாரு.

நல்லாத்தான் வாழ்ந்தோம், பொய் சொல்லக் கூடாது. மூணு புள்ளைங்க, சொந்தமா கட, எல்லாம் இந்த மண்ணுலதான். ஆனா சோறு நல்லா அமைஞ்ச அன்னிக்கெல்லாம் நெனச்சுக்குவேன், கால் வலிக்குதுன்ன மனுசன செத்தாலும் எறங்காதேன்னு சொல்லி வாங்குன சோறு இதுன்னு.

டவுன் முழுகுன பொறகு ஒரு நாளு, இதே மாதிரி மத்தியானத்துல பனி எறங்கியிருந்துச்சு. தண்ணிக் கரையில தனியா நின்னேன். கோயில் இருந்த பக்கத்துல இருந்து, தண்ணிக்கு மேல, சைக்கிள் மணி ஒரு தடவ கேட்டுச்சு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவ, கிட்ட. நான் தைரியத்த வரவச்சுக்கிட்டு சத்தமா சொன்னேன். "அண்ணே, போதும்ண்ணே, எறங்குங்க." மணி நிக்கல டீச்சர். என்னைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருச்சு. நான் சொன்னது கேக்கலையோ, இல்ல நான் அவரு தங்கச்சி இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டாரோ, எனக்குத் தெரியல.