கத்தாத அலாரம்

தங்கச்சிமடத்தில் காதர் மைதீனின் செல்போன் கடைக்கு வருகிற கடலோடிகள் முதலாளியைத் தேட மாட்டார்கள். "அந்தப் புள்ள எங்க?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பிள்ளை சாருஜா. வயது இருபத்தொன்பது. மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் தலைமன்னார் பக்கத்திலிருந்து படகேறி வந்தவர்கள். அவள் அந்த மண்ணைக் கண்ணால் கண்டதில்லை. கம்ப்யூட்டர் டிப்ளமோவில் எண்பத்தாறு சதவீதம் வாங்கினாள். வாங்கி என்ன? வேலைக்கு எழுதிப்போட்ட இடத்திலெல்லாம் எந்த நாட்டுக் குடிமகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தோடு உத்தியோகக் கனவு முடிந்தது. காதர் மைதீன் மட்டும் கட்டம் எதையும் நீட்டவில்லை. "ஸ்க்ரூ கழட்டத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றாள். ஏழு வருஷம் ஓடிவிட்டது.

கடைக்கு அவளால் வந்த பெரிய பேர், 'கோடு ஆப்'. அதற்கு இங்கிலீஷில் வேறு பெயர் உண்டு. இங்கே யாரும் அதைச் சொல்வதில்லை. எங்கேயோ பாய்மரப் படகில் பொழுதுபோக்குக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் கூடிச் செய்து இலவசமாக விட்டிருக்கிற ஓப்பன் சோர்ஸ் ஆப். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், குறை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம். சாருஜா அதில் நம் கடலுக்கும் இலங்கைக் கடலுக்கும் நடுவே போகிற எல்லைக்கோட்டை ஏற்றி, கோட்டுக்கு ஒரு மைல் முன்னாலேயே அலாரம் கத்தும்படி செய்து கொடுத்தாள். கத்தல் என்றால் சும்மா இல்லை, எஞ்சின் சத்தத்தையும் மீறிக் காதைக் கிழிக்கும். நாற்பது ஐம்பது போன்களில் ஏற்றியிருப்பாள்.

அந்தப் போன்களில் ஒன்று கூத்தையாவுடையது. அவருடைய ஃபைபர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவன் வாகீசன், சாருஜாவின் கணவன். முகாம்காரர்கள் கடலுக்குப் போகக் கூடாது. ஆனாலும் பெயிண்ட் வேலை இல்லாத மாதங்களில் அவன் போவான். கரையில் எல்லோருக்கும் தெரியும், கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மற்றவன் எல்லை தாண்டிப் பிடிபட்டால் மறியல், மனு, மந்திரி என்று ஊரே எழும். வாகீசன் பிடிபட்டால் எந்த நாட்டு மீனவன் என்று எழுதுவார்கள்? யார் போய் மீட்பார்கள்? அந்த அலாரம் இருக்கிற தைரியத்தில்தான் அவனை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் மாசியில் ஒரு நாள் காலையில் கரையேறி வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது பெற்றவர்களின் இலங்கைப் பேச்சு.

"இஞ்சேரும், உம்மட அலாரம் நேற்றுக் கத்தேல்லை. கச்சதீவுக் கோயில் தெரியிற அளவுக்குப் போயிட்டம்."

"விளையாடாதீங்கோ."

"கடவுளாணை. நல்ல காலம், ஒருத்தனும் காணேல்லை."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே போட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். கடலோடிகள் வலை விடுகிற இடங்களை ஆப்பில் பேர் வைத்துக் குறித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் சின்னப் பேர்கள்தான். ஆனால் கடலில் ஒரு ஆளைப் பறிகொடுத்த இடம் என்றால் அந்த ஆளின் பேரையே வைப்பார்கள். அந்த வழியாகப் போகும்போது பேரை வாய்விட்டுச் சொல்லி, குடிக்க வைத்திருக்கிற நல்ல தண்ணீரில் ஒரு வாய் கடலில் ஊற்றுவார்கள். உப்புத் தண்ணீரில் போனவனுக்குத் தாகம் தீர வேண்டுமே. கூத்தையாவும் கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்துக்கு, 'தம்பி குருநாதன் எங்கள விட்டுட்டுப் போன எடம்' என்று முழு வாக்கியமாகவே பேர் வைத்திருந்தார். வினை அங்கேதான். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆப்புக்குள் ஆங்கில எழுத்தைப்போல மூன்று மடங்கு இடம் பிடிக்கும். அவ்வளவு நீளமான பேர் உள்ள இடம் நெருங்கினால் ஆப் திணறும். திணறுகிறபோது அலாரத்தையும் முடக்கிவிடும். வெளியே பார்த்தால் படம் ஓடும், படகு நகரும், கோடும் தெரியும். எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே இருக்கும். படுபாவி ஆப்!

அந்த ஆப்பைச் செய்தவர்களின் இணையப் பக்கத்தில் முறைப்படி புகார் எழுதினாள். எந்தப் போன், எந்தப் பதிப்பு, எத்தனை எழுத்துக்கு மேல் போனால் நிற்கிறது, பிழை எந்த இடத்தில் இருக்கலாம் என்று படத்தோடு விளக்கினாள். இதனால் மனிதர்கள் சிறைக்குப் போக நேரிடும் என்றும் எழுதினாள். புகார் எண் 1187. ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. ஆகா என்று திறந்தால், தானாகவே பேசுகிற இயந்திரம்: நன்றி, விரைவில் ஒருவர் கவனிப்பார்.

அந்த ஒருவர் பதின்மூன்று மாதமாக வரவில்லை.

அங்கே ஆளே இல்லை என்றாலாவது மனசு ஆறும். ஆள் இருந்தார்கள்! ஒரு பொத்தான் நீலமாக இருக்கலாமா பச்சையாக இருக்கலாமா என்று எண்பது பேர் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தார்கள். சாருஜா தினமும் அதைப் படித்து வயிறெரிந்தாள். அறுபது நாள் யாரும் எதுவும் எழுதாவிட்டால் புகாரை மூடிவிடுவேன் என்று அந்த இயந்திரம் வேறு மிரட்டும். அதற்காகவே ஐம்பத்தைந்தாம் நாள், 'இன்னும் சரியாகவில்லை' என்று ஒரு வரி போட்டு அதற்கு உயிர் கொடுப்பாள். ஒரு தடவை பிரேசிலிலிருந்து யாரோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை. இன்னொரு தடவை, உங்களுக்கெல்லாம் நெஞ்சில் ஈரம் கிடையாதா என்று எழுதிவிட்டு உடனே அழித்தாள். சம்பளம் வாங்காமல் செய்கிறவர்களை என்னவென்று திட்டுவது? தானே பிழையைத் திருத்தி ஆப்பைப் புதிதாகச் செய்துவிடலாம் என்றும் பார்த்தாள். கடைக் கம்ப்யூட்டர் நாலு மணி நேரம் முனகிவிட்டு அப்படியே நின்றது.

"பதில் வந்துச்சா புள்ள?" என்று காதர் மைதீன் தினமும் கடை திறந்ததும் கேட்பார்.

"இல்ல பாய்."

"இதென்ன, நீ குடியுரிமைக்கு மனுப் போட்ட கதையால்ல இருக்கு!"

அவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

அதுவரை அவள் வாகீசனைக் கடலுக்கு விடவில்லை. வேறு படகில் போகலாம் என்றால், முகாம் ஆளை ஏற்ற வேறு யாருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் கூத்தையாவிடமே கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த ஒரு பேர மட்டும் சுருக்கிக்கிருவோம். குருன்னு வச்சாப் போதும். அலாரம் கத்தும்."

"ஏன் தாயி, செத்தவன் பேரு அலாரத்த நிறுத்துமா?"

"பேரு இல்லண்ணே, பேரோட நீளம். ஆப்புல கோளாறு. எழுதிப் போட்டுருக்கேன்."

"அப்ப அவிங்க ஆப்பச் சரி பண்ணட்டும். என் தம்பிய எதுக்குச் சுருக்கணும்? பதினொரு வருசமா அந்த எடத்துல அவன் பேரச் சொல்லித்தான் தண்ணி ஊத்துறேன். அவன் என்னயக் காப்பாத்துவானே ஒழிய, காட்டிக் குடுக்க மாட்டான். போ தாயி."

அவர் சொன்னதில் பிழையும் இல்லை. ஆப்பைத்தான் சரி பண்ண வேண்டும்.

பொங்கலுக்குப் பிறகு பெயிண்ட் வேலை அடியோடு நின்றது. வாகீசன் பகலெல்லாம் பத்துக்குப் பத்து அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "கூண்டுக்குள்ள கிடக்கிற மாதிரி இருக்குது. என்னைக் கடலுக்கு விடும்," என்றான். அவளுக்குத் தாங்கவில்லை. அந்த வாரம் கூத்தையா சார்ஜ் ஏறவில்லை என்று போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சாருஜா துவாரத்தில் அடைத்திருந்த உப்பைச் சுரண்டினாள். பிறகு அந்தப் பேரை அழித்து 'குரு' என்று வைத்தாள். ஒரு தடவை சோதித்துப் பார்த்தாள். அலாரம் கத்தியது, அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூத்தையா வந்து போனை வாங்கிக்கொண்டு, "நல்லா இரு தாயி" என்றார். அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாயந்தரம் வீட்டுக்குப் போய், "நீங்கள் போகலாம்" என்றாள்.

இரண்டு மாதம் அலாரம் கத்திக்கொண்டுதான் இருந்தது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, குருநாதன் கடலில் போன நாள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பக்கத்துப் படகுக்காரர் கனி மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தார்.

"கூத்தையா வள்ளத்தச் சிலோன் நேவிக்காரய்ங்க புடிச்சுட்டாய்ங்க பாய். அவரு, வாகீசன், இன்னொரு கூலியாளு, மூணு பேரையும் கொண்டு போய்ட்டாய்ங்க."

சாருஜா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அலாரம் கத்தலயா?" என்றார் காதர் மைதீன்.

"எங்கன கத்துச்சு! மத்த நாளு கண்ணளவுலதான் ஊத்துவாரு; நேத்துத் தம்பி செத்த நாளுல்ல, சரியா அந்த எடத்துலயே ஊத்தணும்னு போனப் பாத்துருக்காரு. 'ஏலே, என் தம்பி பேர எவனோ வெட்டிட்டான்லே'ன்னு எங்க வள்ளத்துக்குக் கேக்குறாப்புல சத்தம் போட்டாரு. அங்கனயே உக்காந்து, ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி முழுப் பேரயும் திரும்ப ஏத்துனாரு. பெறகு அழுதுக்கிட்டே வலைய விட்டாரு. நீவாடு வேகமா ஓடி வள்ளத்தக் கெழக்க இழுத்துருச்சு. கோடு தாண்டுனது அவருக்கே தெரியல."

காதர் மைதீன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனவர் சங்கத்துக்காரர்கள் கொடுத்த மனுவில் இரண்டு பேர்தான் இருந்தது. மூன்றாவதாக இருக்க வேண்டிய வாகீசன் பேர் இல்லை. "அவரு பேரச் சேத்தா மத்த ரெண்டு பேரு கேசும் சிக்கலாயிரும் தாயி, கோவிச்சுக்காத" என்றார் தலைவர். அவர் மேல் கோபப்படவும் வழியில்லை. முகாமில் ஆள் கணக்கெடுப்பு நாளில், கணவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தப்பினாள். அடுத்த கணக்கெடுப்புக்கு என்ன சொல்வது? கடலுக்குப் போனான் என்று சொன்னால் முகாம் பதிவு போகும். சொல்லாவிட்டால் அவனைக் கேட்பாரே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. முகாமுக்கும் கடைக்கும் நடுவில் பாலத்தின் மேல் பஸ் போகும்போது கடலைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். ஐயோ, அந்தப் பேரைத் தொடாமலே இருந்திருக்கக் கூடாதா என்று நாள் முழுக்க அதே நினைப்பு.

1187-இன் கீழே நடந்ததை அப்படியே எழுதினாள். இந்தப் பிழையால் மூன்று பேர் பிடிபட்டார்கள், அதில் ஒருவர் என் கணவர் என்று. வேறு ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் கடை திறந்து, வழக்கம்போல அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பதில் வந்திருந்தது. இயந்திரம் இல்லை, மனிதர். பேரும் முகமும் இருந்தன. அவள் இரண்டு தடவை படித்தாள்.

"என்ன புள்ள, அப்படியே நிக்கிற?" என்றார் காதர் மைதீன்.

"பதில் வந்துருச்சு பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்! என்னவாம்?"

"நடந்ததுக்கு வருத்தமாம். அவங்ககிட்ட இருக்கிற போன்ல இந்தக் கோளாறே வரலையாம்." அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். "கோடு தாண்டுன அன்னைக்கு எந்தப் போன்ல வந்துச்சோ, அதுல பதிவான ஃபைல எடுத்து அனுப்பணுமாம். பதினாலு நாளைக்குள்ள அனுப்பாட்டி மூடிருவாங்களாம்."

"அனுப்பிட வேண்டியதானே. போன் எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அந்தக் கரைலதான் இருக்கு பாய்," என்றாள் சாருஜா. "அவருகூட."