மிஸ்டு காலுக்குத் திறந்த லைன்

1. பொம்பளப் பிள்ளை உண்டா?

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தது 2004-இல். வடசேரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஜஸ்டின் அண்ணனின் கடை. டிப்ளமோ முடித்த பெண்களை அப்போது கடைகளில் டைப் அடிக்கவும் ஜாதகம் பிரிண்ட் எடுக்கவும் வைத்துக்கொள்வார்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் தர மாட்டார்கள். ஜஸ்டின் அண்ணன் தந்தார். அவர் பெரிய சீர்திருத்தக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கடையில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பாதிப்பேர் கல்ஃப் வீட்டுக்காரர்கள். ஆண்கள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருப்பார்கள், வீட்டில் மாமியாரும் மருமகளும். மெஷின் கெட்டுப்போனால் போனில் முதல் கேள்வியே, "அனுப்ப பொம்பளப் பிள்ள உண்டா?" என்பதுதான். அந்தப் பிள்ளை நான்.

அன்றைக்கு வைரஸ் என்றாலே எல்லா நோய்க்கும் ஒரே கசாயம், ஃபார்மேட். ஆன்டிவைரஸ் என்று ஒன்று இருக்கும், அதன் ட்ரையல் காலம் முடிந்து வருஷமாகியிருக்கும். மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பி எழும்பி எச்சரிக்கும், வீட்டுக்காரர்கள் அதை ஈயை விரட்டுவது போல மூடிவிடுவார்கள். டயல்-அப் லைனில் அப்டேட் இறக்குவதற்குள் பொழுது விடிந்துவிடும். அதனால் நாங்கள் அப்டேட்டை சி.டி.யில் போட்டு பையில் வைத்துக்கொண்டு அலைவோம். நானும் போகிற வீட்டில் எல்லாம், தெரியாத பெட்டி வந்து யெஸ்ஸா நோவா என்று கேட்டால் நோ என்று அமுக்குங்கள் என்று சொல்லிக்கொடுப்பேன். தலையை ஆட்டுவார்கள். அடுத்த மாதம் மறுபடியும் போவேன்.

ஒரு விஷயம் மட்டும் புத்தகத்தில் இல்லாதது. சாதாரண வீடுகளில் ஐ.எஸ்.டி.யைப் பூட்டித்தான் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்கு யாரைக் கூப்பிடப் போகிறார்கள்? கல்ஃப் வீடுகளில் அது திறந்து கிடக்கும். பேசுவதற்காக அல்ல. இங்கிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் புருஷன் அங்கிருந்து கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிடுவான். அந்த ஒரு மணியோசைக்காக லைன் உலகம் முழுவதுக்கும் திறந்திருந்தது.

2. குளச்சல் வீடு

குளச்சலில் சகாயராஜ் என்பவரின் வீட்டுக்கு மெஷினைக் கொண்டுபோய் வைத்து, விண்டோஸ் ஏற்றி, நெட் கனெக்‌ஷன் கொடுத்தது நான்தான். அவர் அப்போது குவைத்தில் இருந்தார். மனைவி ஷீபா நிறைமாதமாக இருந்தாள். பிள்ளை பிறந்ததும் படத்தை மெயிலில் அனுப்பத்தான் கம்ப்யூட்டரே வாங்கினார்கள். மெயில் அனுப்புவது எப்படி என்று நான் சொல்லிக்கொடுத்தபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள். கெட்டிக்காரி, இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பல மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். நெட் ஸ்லோ, அசிங்கமான படங்கள் தானாக வருகின்றன என்றார்கள். இது அந்நாளில் தினப்படி வியாதி. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாசலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஷீபா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளறைக் கதவோரம் நின்றாள், என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மாமியார் என்னை அடுக்களைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"மக்கா, அந்த மிஷின நோண்டுனா, அவ யாருட்ட பேசுகான்னு தெரியுமா?"

அதற்குப் பிறகுதான் கதை முழுக்க வந்தது. டெலிபோன் பில் அந்த வீடு தாங்காத தொகைக்கு வந்திருக்கிறது. எல்லாம் ஐ.எஸ்.டி. மாமியாரின் தம்பி எக்ஸ்சேஞ்சில் போய் விசாரித்திருக்கிறார். குவைத் இல்லை, துபாய் இல்லை. பசிபிக் கடலில் ஏதோ ஒரு தீவு. திரும்பத் திரும்ப அந்த ஒரே எண். எண்ணை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தார்.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் அந்தத் தீவின் பெயரைக் கேட்டு, பில்லில் தப்பு என்று சண்டைக்குப் போயிருப்பார்கள். குளச்சல்காரர்களுக்குக் கடல் தெரியும். கடலில் ஒரு தீவு இருந்தால் அதில் ஒரு துறைமுகம் இருக்கும், துறைமுகம் இருந்தால் கப்பல் வரும், கப்பலில் நம் ஊர்க்காரன் ஒருவன் இருப்பான். ஷீபாவுக்கு இராஜாக்கமங்கலம் பக்கம் தாய்வீடு. கல்யாணத்துக்கு முன்னால் கப்பல் வேலைக்குப் போகிற ஒருவனுக்கு அவளைப் பேசி, அது நடக்காமல் போயிருக்கிறது. போதாதா? மாமியாரும் தம்பியும் சேர்ந்து தீவில் அவனைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள்.

சகாயராஜ் மூன்று வாரமாக அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறார். ஷீபா ரிசீவரை எடுத்தால் கட் பண்ணிவிடுகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷீபாவின் அண்ணன்மாரை வரச் சொல்லியிருந்தார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போகட்டும், பிள்ளை இங்கேயே நிற்கட்டும் என்று முடிவு. மெஷினிலிருந்து ஒரு அத்தாட்சி கிடைத்தால் அண்ணன்மார் வாயடைத்துப்போவார்கள் என்றுதான் என்னை வரவழைத்திருந்தார்கள். படம் வருகிறது, ஸ்லோ என்பதெல்லாம் சும்மா சொன்னது.

ஒரு பெண்ணை வெளியே தள்ள இன்னொரு பெண்ணின் கையில் ஸ்க்ரூ டிரைவர்.

3. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது

மெஷினைத் திறந்து கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் போட்டுக்கொடுத்த நெட் கனெக்‌ஷனுக்குப் பக்கத்தில் இன்னொரு கனெக்‌ஷன் இருந்தது, நான் போடாதது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு எண். மாமியாரின் துண்டுத் தாளை வாங்கி ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்தேன். அதே எண்.

இதற்கு டயலர் என்று பெயர். ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு பெட்டி எழும்பி, இலவசமாகப் பார்க்கலாம், யெஸ் அமுக்கு என்னும். அமுக்கினால் ஒரு சின்ன புரோகிராம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் நீங்கள் நெட் போடும்போது உள்ளூர் எண்ணை வெட்டிவிட்டு, வெளிநாட்டு எண் ஒன்றுக்கு மோடத்தை வைத்துச் சத்தமில்லாமல் டயல் பண்ணும். சில சமயம் மெஷினை ஆன் பண்ணினாலே தானாகவும் பண்ணும். ஓடுகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் எங்கேயோ ஒருவனுக்குப் பங்கு. நீங்களே யெஸ் சொல்லி ஏற்றியது என்பதால் பல ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸ் கணக்கிலேயே சேர்க்காது. ஐ.எஸ்.டி. பூட்டிய வீட்டில் அது செத்த பாம்பு. கல்ஃப் வீட்டில்தான் அதற்கு உயிர் வரும்.

ஷீபா ஒவ்வொரு முறையும் பிள்ளையின் படத்தைப் புருஷனுக்கு அனுப்ப நெட் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அது தீவைக் கூப்பிட்டிருக்கிறது.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். மோடத்தின் ஸ்பீக்கரை அது அடைத்து வைத்திருந்தது, திறந்துவிட்டேன். மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு, மாமியாரையும் ஷீபாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, யாரும் எதையும் தொடக்கூடாது என்றேன். நான் கையைக் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் டயல் டோன் கேட்டது. பிறகு எண்கள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம், உள்ளூர் எண்ணுக்கு ரொம்பவே நீளமாக. லைன் கிடைப்பதற்குள் வயரைப் பிடுங்கினேன்.

மாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப இவ ஆருக்கும் விளிக்கல்ல" என்று மெதுவாகச் சொன்னார். ஷீபா அழவில்லை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

அத்தோடு நான் பையைக் கட்டியிருக்கலாம். ஆனால் மாமியார் அடுத்த கேள்வியைக் கேட்டார், கேட்கத்தானே செய்வார்.

"இது எப்பிடி மக்கா உள்ள வந்துது?"

சொன்னேன். அசிங்கமான பக்கம் எதையோ யாரோ திறந்து யெஸ் அமுக்கியிருக்கிறார்கள் என்றேன். மாமியாரின் முகம் மறுபடியும் ஷீபா பக்கம் திரும்பியது. கப்பல்காரன் போய் இப்போது இது. அந்தப் பார்வையை என்னால் பொறுக்க முடியவில்லை. ஃபைலில் ரைட் கிளிக் பண்ணி, அது மெஷினுக்குள் வந்த தேதியைக் காட்டினேன். மாதத்தையும் நாளையும் வாசித்தேன்.

மாமியாருக்கு அந்தத் தேதியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கழிந்த வாரம் அது. ஷீபா தாய்வீட்டில் பேறுகாலப் படுக்கையில் கிடந்தாள். ஞானஸ்நானத்துக்கு லீவில் வந்திருந்த சகாயராஜ்தான் குளச்சல் வீட்டில் இருந்தார்.

மாமியார் எழுந்தார். மானிட்டருக்குப் போர்த்தும் பூப்போட்ட துணியை எடுத்து, ஸ்கிரீன் எரிந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் போட்டார்.

"அழிச்சிரு. ஒண்ணும் இருக்கப்படாது."

ஷீபா அப்போதுதான் முதல் தடவையாகப் பேசினாள். "ஞாயிற்றுக்கிழம வரைக்கும் கிடக்கட்டும் அத்த. எனக்க அண்ணன்மாரு பாக்கட்டும்." மாமியார் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அழிக்காமல் விட்டால் மறுபடியும் தீவுக்குப் போகும். அதனால் டயலரை எடுத்தேன், ஸ்டார்ட்அப்பில் இருந்த அதன் வேரையும் எடுத்தேன், எக்ஸ்சேஞ்சில் எழுதிக்கொடுத்து ஐ.எஸ்.டி.யைப் பூட்டச் சொன்னேன். அண்ணன்மார் கேட்டால் நான் வந்து சொல்கிறேன் என்று ஷீபாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

4. ஞாயிற்றுக்கிழமை

என்னை யாரும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் குவைத்திலிருந்து போன் வந்தது. ஜஸ்டின் அண்ணன்தான் எடுத்தார். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கேட்டார். எதிரில் நின்ற எனக்கே கேட்டது. கடைக்காரன்கள்தான் வியாபாரத்துக்காக வைரஸை விடுகிறார்களாம். செட் பண்ண வந்த அன்றைக்கே அந்தப் பெண் உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறாளாம். குடும்பத்தைக் கெடுக்கப் பார்த்தாளாம்.

குளச்சலில் நடந்ததை அங்கிருந்து வந்த இன்னொரு கஸ்டமர் சொன்னார். அண்ணன்மார் வந்திருக்கிறார்கள். மாமியார் எல்லார் முன்னாலும், எனக்க மருமவ மேல ஒரு குத்தமும் இல்ல, கம்ப்யூட்டர் கடைக்காரி செய்த வேல, என்று சொல்லியிருக்கிறார். அப்படியா என்று அண்ணன்மார் ஷீபாவைக் கேட்டிருக்கிறார்கள்.

ஆமாம் என்றிருக்கிறாள்.

எல்லாரும் சேர்ந்து காப்பி குடித்துக் கலைந்தார்களாம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். எனக்கு அந்தப் பழமொழி அதுவரை பழமொழியாகத்தான் இருந்தது.

நான் ஜஸ்டின் அண்ணனிடம் கத்தினேன். ஃபைலின் தேதியைச் சொன்னேன், எண் ஒத்துப்போனதைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார், நம்பவும் செய்தார்.

"நெசத்தச் சொல்லவா உன்னக் கூப்பிட்டாவ? வைரஸ எடுக்கத்தானே பிள்ள கூப்பிட்டாவ" என்றார்.

கடற்கரைப் பக்கத்திலிருந்து போன் குறைந்தது. வந்த ஒன்றிரண்டும், அந்தப் பிள்ள வேண்டாம், ஆம்பிளை யாரையாவது அனுப்புங்க என்று வந்தன. ஆம்பிளை வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வீடுகள்தான். என்னை ஹவுஸ் கால் அனுப்புவதை அண்ணன் நிறுத்திவிட்டார். மறுபடியும் கடைக்குள் உட்கார்ந்து ஜாதகம் பிரிண்ட் எடுத்தேன். எனக்கு வேலை தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

5. லேப்டாப்

2013 வாக்கில் வடசேரியிலேயே எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருந்தது. ஒருநாள் ஷீபா ஒரு லேப்டாப்போடு படியேறினாள். உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது, மற்றபடி அதே கண். எதிரே ரோட்டோரம் ஒரு கார் நின்றது. ஸ்டியரிங்கில் சகாயராஜ், இந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டாராம்.

லேப்டாப்பை வாங்கி வைத்தேன். இத்தனை கடை இருக்க இங்கே வர யார் சொன்னது என்று கேட்டேன். குரல் நல்லபடியாக இருந்திருக்காது.

"அவருதான் சொன்னாரு. அந்தப் பிள்ளட்ட குடு, அவளுக்காக்கும் வேல தெரியும்னு."

அவள் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு உங்க பேரச் சொல்லாம இருந்தா எனக்க பேரச் சொல்லியிருப்பாவ அக்கா. அவருக்க பேர மட்டும் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டாவ."

கோபம் தணிந்ததா என்றால், இல்லை. அவள் சொன்னது சரி என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். சரி என்று தெரிந்த பிறகும் எரிகிற எரிச்சல் அது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். ஸ்கிரீன் முழுக்க விளம்பரம், பிரவுசரில் அடுக்கடுக்காக டூல்பார். எங்கே போய் எதை அமுக்கியதால் வந்தது என்று ஹிஸ்டரியைத் திறக்காமலே எனக்குத் தெரிந்தது. திறக்கவும் இல்லை.

"எப்பிடி வந்துது அக்கா?" என்றாள் ஷீபா, காரைப் பார்க்காமல்.

"பென் டிரைவுல வந்திருக்கும்."

"அப்பிடித்தான் இருக்கும்" என்றாள்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் மூன்று சொல்கிறேன். நோய் பிடித்த மெஷினென்றால் முதலில் நெட் வயரைப் பிடுங்குங்கள். முக்கியமான ஃபைல்களை எடுத்து வைக்காமல் ஃபார்மேட்டில் கை வைக்காதீர்கள். எப்படி வந்தது என்று வீட்டுக்காரர்கள் கேட்டால், தேதி உங்கள் கண்ணுக்கு நேராக இருந்தாலும், பென் டிரைவ் என்று சொல்லுங்கள். பென் டிரைவுக்கு மாமியார் கிடையாது, பறிபோக ஒரு வேலையும் கிடையாது. அதை யாரும் ஞாயிற்றுக்கிழமை தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.