கொள்ளிடத்தின் வலக்கரை

மலாயாவில் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் கிள்ளானில். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவில் என்னென்ன தாலுக்கா என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். ஆபீசில் பழைய கையேடு ஒன்று கிடந்தது. ஜில்லா, தாலுக்கா, பிர்க்கா என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். தேசப்படம் மட்டும் கிடையாது. அதை நெட்டுருப் போட்டுக்கொண்டு, அந்த ஊர்களிலேயே பிறந்து வந்தவர்களை நான் அதட்டிக்கொண்டிருந்தேன். என்ன திமிர்!

கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டி வர ஒரு காகிதம் வேண்டும். வரப்போகிறவர் எந்த ஜில்லா, எந்தத் தாலுக்கா, எந்தக் கிராமம் என்று அதில் நான்தான் எழுதுவேன். அந்தக் கிராமத்து முன்சீப் கையெழுத்துப் போட்டால்தான் கப்பல். எங்கள் ஆட்களுக்கு வாய்க்கால் தெரியும், மதகு தெரியும், எந்த மாதம் தண்ணீர் திறப்பார்கள் என்று தெரியும். தாலுக்காவை யார் கண்டது?

ஒரு மத்தியானம் பால்மரம் சீவும் பெண் ஒருத்தி வந்து நின்றாள். புருஷன் செத்தபின் தனியாகக் கப்பலேறியவள். மூன்று வயது மகளை ஊரில் அக்காவிடம் விட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கங்காணி அடுத்த வாரம் புறப்படுகிறார். மகளையும் கூட்டி வரச் சொல்ல வேண்டும்.

"எந்த ஜில்லாம்மா?"

"அதெல்லாம் தெரியாதுங்க. கொள்ளிடக்கரை. அணைக்கரைக்குக் கிட்டக்க."

"எந்தக் கரை?"

"தண்ணி போற பக்கம் பாத்து நின்னா, சோத்துக்கைப் பக்கம்."

எனக்கு ஒரே குஷி. கொள்ளிடத்துக்கு வடக்கே திருச்சிராப்பள்ளி ஜில்லா, தெற்கே தஞ்சாவூர் ஜில்லா என்று கையேடு சொல்லியிருந்தது. நான் பார்த்த ஆறு ஒன்றே ஒன்று, கிள்ளான் ஆறு. அது மேற்கே ஓடிக் கடலில் விழும். மேற்கே பார்த்து நின்றால் வலது கை வடக்கு. பிறகென்ன யோசனை? கொள்ளிடம் வடகரை, திருச்சிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுக்கா என்று, அவள் சொன்ன ஊர்ப் பேரோடு முத்து முத்தாக எழுதினேன். "வடகரை" என்று நான் வாசித்ததும் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? போ, போய் வேலையைப் பாரு" என்று வள்ளென்று விழுந்தேன். போய்விட்டாள்.

நாலு மாதம் கழித்துக் கங்காணி திரும்பினார். பதினெட்டுப் பேர் வந்தார்கள், குழந்தை வரவில்லை.

"என்ன கிராணியாரே எழுதிக் குடுத்தீங்க?" என்றார். "வடகரை பூராவும் அலைஞ்சேன். அந்தப் பேர்ல ஊரே இல்ல. தெக்கால இருக்குன்னாங்க. அணைக்கரைப் பாலத்துல ஏறி அந்தப் பக்கம் போனேன். ஊரு இருக்கு, அக்கா இருக்கு, புள்ள இருக்கு. முன்சீப்பு காயிதத்தப் பாத்தாரு. இது கும்பகோணம் தாலுக்கா, நீ வேற ஜில்லாக் காயிதம் கொண்டாந்திருக்க, கையெழுத்துப் போட்டா என் வேல போயிரும்னுட்டாரு."

"வலது கைப் பக்கம் என்றுதானே சொன்னாள்!" என்று கத்தினேன்.

"அதான் தெக்கு. ஆறு கெழக்கால்ல ஓடுது?"

அட கடவுளே. ஆறு கிழக்கேயும் ஓடும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. கங்காணி அதோடு விடவில்லை. "எங்கம்மாகிட்டயா போறோம்னு கேட்டு என் வேட்டியப் புடிச்சுக்கிட்டே நின்னுச்சு. பிரிச்சுவிட்டுட்டு வந்தேன்" என்றார்.

அன்று சாயங்காலம் கூலியாட்கள் குடியிருந்த லயத்துக்கு நானே நடந்து போனேன். கிராணி லயத்துக்குப் போவது அப்போது வழக்கமில்லை. அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் தப்புதான் என்று சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ங்க. வடகரைன்னு நீங்க படிச்சப்பவே தெரியும்."

"ஏம்மா சொல்லலை?"

"நீங்க கோவிச்சுக்கிட்டா காயிதமே எழுதித் தர மாட்டீங்களேன்னு பயந்துட்டேன்."

அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கூனிக் குறுகித் திரும்பி வந்தேன்.

அடுத்த காகிதத்தை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதினேன். வரிக்கு வரி வாசித்துக் காட்டி, "சரியா? சரியா?" என்று கேட்டேன். தஞ்சாவூர் ஜில்லா, கும்பகோணம் தாலுக்கா. கங்காணி மறுபடி போய் வர ஒரு வருஷம் ஆனது.

கப்பல் வந்த சேதி கிடைத்ததும் அவளோடு கிள்ளான் துறைமுகத்துக்கு நானும் போனேன். நோய் இருக்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்க்கும் கொட்டகையிலிருந்து ஆட்களை வெளியே விட்டார்கள். கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு குழந்தை வந்தது. அவள் ஓடவில்லை. தரையில் குந்தி இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாம்மா. அம்மாகிட்ட வா."

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறகு, பெரியவர்களுக்குப் பதில் சொல்லப் பழக்கியிருந்த மாதிரி மரியாதையாகச் சொன்னது: "எங்கம்மா ஊர்ல இருக்காங்க."

அவள் கையை மடக்கிக்கொண்டாள். "சரிம்மா, பெரியம்மாவே அம்மாவா இருக்கட்டும். நீ வந்து சாப்பிடு, பசிக்கும்" என்றாள். எழுந்து முன்னே நடந்தாள். குழந்தை கங்காணியின் கையை விடாமல் பின்னால் போனது.

அது அவளை அம்மா என்று கூப்பிட எத்தனை மாதம் ஆயிற்றென்று நான் கேட்கவில்லை.