சோலூரில் அறுந்த ரிப்பன்

சோலூரில் பஸ் டீக்கு நிற்கிறது. எதிரே, சிறு விவசாயிகள் கூடிக் கட்டிய தேயிலை பேக்டரிக்குத் திறப்பு விழா. வாசல் ரிப்பனை யார் வெட்டுவது என்று இரண்டு கட்சிக்காரர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். காலையில் பறித்த இலையோ வெளியே மூட்டைக்குள் சூடேறுகிறது.

"இலை வெந்து போச்சுன்னா டீ எப்படிங்க தம்பி நல்லா வரும்?" என்று, பஸ்ஸிலிருந்து இறங்கி வேடிக்கை பார்க்கும் என்னிடம் பதறுகிறார், மூட்டையோடு நிற்கும் விவசாயி செல்வி அக்கா.

"நீங்க எந்தக் கட்சிங்க?" என்று கேட்கிறேன்.

"இந்த மூட்டைதானுங்க!" சிரித்தபடி அதைத் தலையில் ஏற்றி நேரே நடக்கிறார். மூட்டை இடித்து ரிப்பன் அறுகிறது. உடனே இரு கட்சிக்காரர்களும் போட்டி போட்டுக் கைதட்டி, ஆளுக்கொரு மூட்டையைத் தூக்குகிறார்கள்.

"மெல்லங்க, இலை நசுங்கிரும்!" உள்ளிருந்து அக்கா அதட்டுகிறார்.

பஸ் ஹாரன் அடிக்கிறது. என் தலையிலும் ஒரு மூட்டை இருக்கிறது.