அட்சதைக் கோடு

வெள்ளி, காலை ஐந்தேகால். திருநெல்வேலியில் ஏறி இரண்டு இரவுகள் கழித்து தாதரில் இறங்கியபோது என் கால்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன. கையில் மூன்று பைகள்: முறுக்கு, கருப்பட்டி, மாற்றுத்துணி. துணிக்கு அடியில் என் மகளின் வளைகாப்பு அழைப்பிதழ். டாக்சிக்காரர் பார்த்துவிட்டு, "சாமான் ஜாஸ்தி, மாஜி," என்றார். நான் மறுக்கவில்லை. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோடு வரை நாலு கிலோமீட்டர், தொண்ணூறு ரூபாய்.

என் தங்கை பார்வதி கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தாறு வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வலது மார்பில் புற்றுநோய் என்று ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றி முடியெல்லாம் கொட்டியிருந்த சமயத்தில் என் மகள் கல்யாணம் வந்தது. சம்பந்தி வீட்டார் இவளைப் பார்த்தால் குடும்ப நோய் என்று பேசுவார்களே என்று எனக்குப் பயம். அதை நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லை. அக்கறை மாதிரிப் பூசி மெழுகி போனில் சொன்னேன்: "அவ்வளவு தூரம் வந்து அலையாதட்டி. உடம்பப் பாத்துக்கோ."

"சரிக்கா," என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. அன்றிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அந்த 'சரிக்கா' காதில் விழுகிறது. மன்னிப்புக் கேட்கவும், வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடவும்தான் இந்தப் பயணம்.

ஆறு மணி. கீழே அவள் வீட்டுக்காரரின் பை தைக்கிற கடை, மேலே குடித்தனம், நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி. என் முறுக்குப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து அவள் விறுவிறுவென்று ஏறினாள். ஆபரேஷன் ஆன புதிதில் இந்த ஏணியில் வலது கையை ஊன்றவே முடியாதாம். "இப்ப எல்லாம் யோகா கிளாஸ் புண்ணியம். நாளைக்கு நீயும் வா," என்றாள். மன்னிப்பை அன்றைக்குக் கேட்க நாலு தடவை வாயெடுத்தேன். நாலு தடவையும் காப்பியில் சர்க்கரை போதுமா என்றுதான் கேட்டேன்.

சனி, ஒன்பதே கால். சயானிலிருந்து மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன்தான், டிக்கெட் ஐந்து ரூபாய். பெண்கள் பெட்டியில் தொங்கும் கைப்பிடியை வலது கையால் பிடித்து நின்றாள். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. எனக்குக் காட்டத்தான் என்று புரிந்தது.

கோயில் தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறை. யோகா என்றால் தலைகீழாக நிற்பது என்று நினைத்திருந்த எனக்கு, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்து நிம்மதி. பதினோரு பெண்கள், எல்லாரும் அதே நோயிலிருந்து மீண்டவர்கள். மூச்சை இழுத்தபடி கையை உயர்த்துவதும் விட்டபடி இறக்குவதுமாக ஒரு மணி நேரம். டீச்சர் லலிதா மாட்டுங்காவிலேயே பிறந்தவர். "வலிச்சா நிறுத்திடுங்கோ. இது மருந்து இல்லே, டாக்டர்கிட்டப் போறதை விடப்படாது," என்று நாலைந்து முறை சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒவ்வொருவராகச் சுவரோரம் போய், விரல்களால் சுவரில் ஏறுகிறார்கள். விரல் எட்டிய இடத்தில் டீச்சர் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறார். ஆளுக்கொரு இலக்கு உண்டு. ஐரோலியிலிருந்து வருகிற பெண்ணுக்குத் தன் கொண்டையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்; இன்னொருத்திக்குப் பரண் டப்பாவை எடுக்க வேண்டும்.

பார்வதியின் கோடுகள் இடுப்பளவில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றாகத் தோளைத் தாண்டி ஏறின. உச்சியில் ஒரு கோட்டை மட்டும் டீச்சர் முன்கூட்டியே அழுத்திப் போட்டு, பக்கத்தில் 'அட்சதை' என்று எழுதியிருந்தார்.

"இது என்ன?" என்று டீச்சரிடம் கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா? அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு வலது கையாலேயே அட்சதை போடணும்னா. அதுவும் கடைசி வரிசையிலேர்ந்து. தலையில துணி கட்டிண்டு முன்னால நின்னா அக்காவுக்குச் சங்கடம், பின்னாலேர்ந்தே மேடைக்கு எட்டிடணும்னு சொன்னா. பாருங்கோ, அப்போ ரெண்டு விரக்கடைதான் பாக்கி. அப்புறம் என்னமோ ரெண்டு மாசம் கிளாஸுக்கே வரலை. திரும்பி வந்தப்புறமும் தனக்குக் கோடு போட வேண்டாம்னுட்டா."

அவளுடைய கடைசிக் கோட்டின் தேதியைப் பார்த்தேன். நான் போன் பண்ணிய வாரம். மகளின் கல்யாணத்தன்று வள்ளியூர் மண்டபத்தில் அட்சதைத் தட்டு கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தபோது மிச்சம் இருந்தது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் அந்தச் சுவரை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பதினொன்றரை மணி. ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் காப்பி ஆறிப்போகும் வரை அழுதேன். "சம்பந்தி வீட்டுக்குப் பயந்துதாண்டி உன்ன வர வேண்டாம்னேன். உடம்புக்காக இல்ல."

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா," என்றாள் பார்வதி. என் தட்டிலிருந்த வடையைப் பிட்டுத் தின்றபடி சொன்னாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அழைப்பிதழை நீட்டினேன். வலது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, முழுவதும் படித்தாள். "அழகா அடிச்சிருக்க."

"வருவியாட்டி? முதல் வளையல் நீதான் போடணும்."

அட்டையைப் பத்திரமாகப் பையில் வைத்தாள். சிரித்தாள். "அவ்வளவு தூரம் வந்து அலையக் கூடாதுல்லாக்கா?"

என் சொல்தான். மூன்று வருஷம் அதை எழுத்துப் பிசகாமல் வைத்திருந்திருக்கிறாள். அதன்பின் நான் கேட்கவில்லை.

ஞாயிறு, தாதர். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பார்வதி கையைத் தூக்கிக் காட்டினாள். வலது கை, காதை ஒட்டி நேராக, சுவரில் அட்சதை என்று எழுதியிருந்த கோட்டுக்கும் மேலே. என் மகளை வாழ்த்துவதற்காகப் பழக்கிய கை, என்னை வழியனுப்பத்தான் உயர்ந்தது.