தானே சாத்திக்கொள்ளும் கேட்

சங்கரன்கோவிலுக்கு மேற்கே இருக்கிற என் தோட்டத்து வேலியைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. பார்க்க வராதவர்களை நானே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். கல்தூண் நட்டு, காட்டுப்பன்றி மூக்கு நுழையாதபடி கம்பி வலையின் அடியை மண்ணுக்குள் புதைத்து, கூடவே நின்று இழுத்துக் கட்ட வைத்த வேலி. மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் அக்கம்பக்கத்துப் புஞ்சையெல்லாம் பன்றி உழுதுபோட்டுப் போகும். என் சோளத்தில் ஒரு தட்டை சாயாது.

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போய், தறி ஓட்டப் பழகி, சொந்தத் தறி போட்டு, அந்தத் தறி கொடுத்ததில் வாங்கிய தோட்டம் இது. எனக்கு யாரும் யோசனை சொன்னதில்லை. கேட் விஷயமும் அப்படித்தான். வேலைக்கு வருகிறவர்கள் கேட்டைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போவார்கள். கத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். தறியில் பாவு நூல் தளராமல் இருக்க எடை கட்டித் தொங்கவிடுவோம் அல்லவா, அதே மாதிரி தகரக் கேட்டில் கயிறு கட்டி, உருளை வழியாக வெளியே எடுத்து, ஒரு கல்லைத் தொங்கவிட்டேன். வெளியிலிருந்து தள்ளினால் திறக்கும். கையை விட்டால் கல் இழுத்துத் தானே சாத்திக்கொள்ளும். ‘என்னைக் கேக்காம ஒரு எறும்பு உள்ள வராது’ என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தேன்.

போன சித்திரையில் ஒருநாள் காலை. சட்டையைக் கழற்றி, செல்போனோடு பைக் மேலே போட்டுவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு மோட்டார் ரூமைவிட்டு வெளியே வந்தேன். ஓடைப் பக்கம் நாய்கள் எதையோ விரட்டிக்கொண்டு வந்தன. கேட்டில் மடாரென்று ஒரு சத்தம். கன்றுக்குட்டி உயரத்தில் ஒற்றைப் பன்றி ஒன்று, வாயோரம் தந்தம் நீட்டிக்கொண்டிருக்க, தலையால் கேட்டை முட்டித் தள்ளி உள்ளே வந்தது. அதன் பின்னால் கேட் அழகாகச் சாத்திக்கொண்டது. நாய்கள் வெளியே நின்று குரைத்துவிட்டுப் போய்விட்டன.

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கால் வைத்து மோட்டார் ரூம் மேலே ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று கேட்டால் தெரியாது. பைக்கைப் பன்றி இடித்துச் சாய்த்தது. என் செருப்பு கீழே கிடந்தது.

பன்றிக்கு என் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அதற்கு வெளியே போகவேண்டும். தகரக் கேட்டை முட்டிப் பார்த்தது. உள்ளேயிருந்து முட்டினால் கேட் நிலைச்சட்டத்தில் இன்னும் இறுகத்தான் செய்யும். பிறகு வலையை முட்டியது. பின்னால் போய் ஓடிவந்து மறுபடியும் முட்டியது. கம்பி அசையவில்லை. என் வேலை அப்படி. அதுவரைக்கும் அந்தக் கம்பி அறுந்துபோகவேண்டும் என்று நான் நினைத்ததே கிடையாது.

வெயில் ஏற ஏற சிமெண்ட் தளம் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. தோளில் கிடந்த துண்டை விரித்து அதன் மேல் நின்றேன். அப்போது வண்டிப்பாதையில் ஆட்டுக்காரன் வந்தான். கையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற நீளமான தொரட்டிக் கம்பு.

“ஏலே, இங்கன வாலே!”

“வேலியத்தானே அண்ணாச்சி? போன வாரமே பாத்துட்டேன்.”

“ஏலே, உள்ள பன்னி நிக்குதுலே!”

“உங்க வேலிக்குள்ளயா? எறும்பே வராதுன்னியளே அண்ணாச்சி!” என்று சிரித்தான்.

அவன் சிரித்து முடிப்பதற்குள் பன்றி ஓடிவந்து அவனுக்கு நேரே வலையில் மோதியது. ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. தொரட்டியைக் கேட்டருகிலேயே போட்டுவிட்டு, “ரோட்டுக்குப் போயிட்டா பஸ்ஸுல அடிபட்டுருமே!” என்று ஆடுகள் பின்னால் ஓடினான். “என் வீட்டுக்காரி வருவா, நிப்பாட்டுலே!” என்று கத்தினேன். அவன் ஓடினது வேறு பக்கம்.

கொஞ்ச நேரத்தில் கீழே சட்டைக்குள் செல்போன் அடித்தது. என் மனைவிதான். சாப்பாடு எடுத்துக்கொண்டு புறப்படும்போது ஒரு தடவை கூப்பிடுவாள். எடுக்காவிட்டாலும் புறப்பட்டுவிடுவாள். மணி அடித்து ஓய்ந்தது.

அவளுக்குத் தலையில் கூடை, இடுப்பில் மோர்ச்செம்பு. இரண்டு கையும் சும்மா இருக்காது. அதனால் கேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முதுகாலேயே தள்ளிக்கொண்டு பின்பக்கமாக உள்ளே வருவாள். எதிரே என்ன நிற்கிறது என்று பார்க்கமாட்டாள். பன்றியோ ஓடிக் களைத்து, கேட்டுக்கு உள்பக்கம் வேப்பமர நிழலில், நேராகக் கேட்டைப் பார்த்துப் படுத்திருந்தது.

தூரத்தில் கூடை தெரிந்ததும் கத்த ஆரம்பித்தேன். ஏற்கெனவே கத்திக் கத்திக் குரல் போயிருந்தது, காற்றுதான் வந்தது. தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் அதையும் விழுங்கிவிட்டது. துண்டை ஆட்டினேன். பாதையையே பார்த்து வந்தவள் கேட்டருகில் வந்து திரும்பினாள்.

தளத்து மூலையில், கிணற்றுக் குழாய் அடியில் மாட்டுகிற பழைய இரும்பு புட்வால்வு ஒன்று கிடந்தது, நல்ல கனம். எடுத்துக் கேட்டைப் பார்த்து வீசினேன். இந்த வயதிலும் என் கை குறி தப்பாது. தகரம் கோவில் மணி மாதிரி அதிர்ந்தது. பன்றி துள்ளி எழுந்தது.

“ஏங்க! என்னத்த எடுத்து எறியுதீய?”

பன்றியின் உறுமலைக் கேட்டு வலை வழியாக எட்டிப் பார்த்தாள். கூடையை மெதுவாக இறக்கினாள்.

“இது எப்படி உள்ள வந்துச்சு?”

கேட்டைக் கை காட்டினேன்.

“அப்ப அது வழியாவே போகட்டும்.”

ஆட்டுக்காரன் போட்டுவிட்டுப் போன தொரட்டியை எடுத்தாள். கல்தூணை ஒட்டி ஒதுங்கி நின்று, கம்பு நுனியால் கேட்டைத் தள்ளினாள். கல் எதிர்த்து இழுத்தது. காலை ஊன்றி, பல்லைக் கடித்து, திறந்த கேட்டை அப்படியே பிடித்தாள். கம்பு நழுவினால் கேட் சாத்திவிடும். பன்றி வேகமாக வந்தால் அவளை உரசித்தான் போகவேண்டும். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் மேலே சும்மா நின்றேன்.

பன்றி திறந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு ஒரே பாய்ச்சல். அவள் சேலை காற்றில் அடித்தது. புழுதி அடங்கியபோது அவள் தூணைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டிருந்தாள். கேட் சாத்தியிருந்தது.

கீழே இறங்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டுக்கு வந்து சேர நேரமாயிற்று. உள்ளங்காலெல்லாம் கொப்புளம்.

“உள்ள வாட்டி. நிழல்ல உக்காரு” என்றேன்.

“நான் வரல. நீங்க வெளிய வாங்க.”

“அதான் போயிட்டுல்லா.”

“அது போகட்டும், இருக்கட்டும். நான் இந்தக் கேட்டுக்கு உள்ள வரமாட்டேன்.”

அவளோடு வாதாடி ஜெயித்தவன் நான். அன்றைக்கு வாதாடத் தெம்பு இல்லை. கேட்டை உள்பக்கமாக இழுத்துத் திறந்து வெளியே போனேன். மர நிழல் அவ்வளவும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்க, வண்டிப்பாதை வெயிலில் உட்கார்ந்து இரண்டுபேரும் சாப்பிட்டோம். மோரை அவள் என் காலில் ஊற்றினாள்.